ஐந்தாம் அறையின் ஃபேன்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான், எலக்ட்ரீஷியன், மீட்டர் காட்டினால்தான் நம்புவேன், நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள், ஆனால் இதைக் காட்டியதே மீட்டர்தான், என்ன செய்ய.

அபுதாபி பாலைவனத்தில் விண்வெளி நிலையம் மாதிரியே ஒரு கூடு கட்டி, நாலு பேரை உள்ளே வைத்து மூடிப் பயிற்சி கொடுத்தார்கள். மேலே இருக்கிற மாதிரியே சோலாரும் பேட்டரியும்தான், வேறு கரண்ட் கிடையாது. வெளியே கேபினில் உட்கார்ந்து எந்த லைனுக்கு எவ்வளவு என்று பங்கு போடுவது என் டூட்டி. அன்று இரண்டாவது நாளாக மண்காற்று, பட்டப்பகலில் பேனல் செத்துக் கிடக்கிறது, பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறது. வாட்டர் ஹீட்டர் என்று ஒட்டியிருந்த பிரேக்கரை அணைத்தேன். இந்த ஊர் வெயிலுக்கு ஸ்டிக்கரெல்லாம் உரிந்து விழும், போன வாரம் விழுந்தவற்றை நான்தான் குத்துமதிப்பாக ஒட்டினேன், அந்த அவசரத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

கொஞ்ச நேரத்தில், யாருமே தங்காத ஐந்தாம் அறை லைன் கரண்ட் இழுக்கிறதாக மீட்டர் காட்டியது. எரிச்சலோடு இன்டர்காமில் கூப்பிட்டேன். உள்ளே இருந்த நாலு பேரில் ஒருத்தி நஸ்ரின், ஷார்ஜாவில் வளர்ந்த நம் கீழக்கரைப் பெண், அவள்தான் எடுத்தாள்.

"அஞ்சாம் ரூம்ல என்னம்மா ஓடுது? ஆஃப் பண்ணு."

"ப்ளீஸ் அங்கிள், இந்த ஃபேனை மட்டும் கட் பண்ணிடாதீங்க. ஏர் மெஷின் நின்னுடுச்சு. எல்லாருக்கும் தலை சுத்துது, ஒருத்தர் எழுப்பினாலும் எந்திரிக்கல. இங்க மட்டும்தான் மூச்சு விட முடியுது. உங்களைக் கூப்பிடணும்னே தோணல அங்கிள்."

நான் அணைத்தது ஹீட்டரை இல்லை, அவர்களுடைய காற்றை. அலாரமும் அதே லைன், அதனால் அதுவும் அடிக்கவில்லை. பிரேக்கரைத் திரும்பப் போட்டுவிட்டு, கதவைத் திறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். அல்லாஹ் காப்பாற்றினான், நாலு பேரும் பிழைத்துக்கொண்டார்கள்.

பிறகுதான் ஐந்தாம் அறைக்குள் போனேன். நம்பினால் நம்புங்கள், அந்த ஃபேனுக்கு நாங்கள் கனெக்‌ஷனே கொடுக்கவில்லை. வயர் முனைகள் டேப் சுற்றியபடி தொங்குகின்றன, நான் சுற்றிய டேப். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது.

ஏர் மெஷினில் கோளாறு என்று ரிப்போர்ட் எழுதினார்கள், நானும் பயத்தில் வாய் திறக்கவில்லை. நான் ஆஃப் பண்ணச் சொன்னது அந்த மயக்கத்தில் நஸ்ரினுக்கு ஞாபகமில்லை போல, இப்போதும் ஒவ்வொரு பெருநாளைக்கும் மெசேஜ் அனுப்புகிறாள், அன்று எங்களுக்காக ஃபேன் போட்டுவிட்டீர்களே அங்கிள், மறக்க மாட்டேன் என்று. காற்றை அணைத்தது நான்தான் என்று எழுதிப் பார்ப்பேன், பிறகு அழித்துவிடுவேன். அப்படியானால் ஃபேனைப் போட்டது யார் என்று கேட்பாளே.