எழுபது வயதுப் புதுப்பெண்ணை மலையேற்றிய கதை

என் அம்மா கல்யாணமாகி அரை நூற்றாண்டு கழிந்தும் புதுப்பெண்ணாகவே இருந்தார். இது வர்ணனை அல்ல, பதவி. கல்வராயன் மலையில் இருக்கிறது அப்பாவின் பூர்வீக வீடு. எங்கள் வகையறா வழக்கப்படி, மருமகளாக வருகிறவள் புருஷனோடு ஊர் எல்லையிலிருந்து நடந்து வந்து, ஆலம் என்கிற ஆரத்தி சுற்றிக்கொண்டு, வலது காலை வைத்து அந்த வாசற்படியைத் தாண்ட வேண்டும். அதுவரை அவள் வெறும் 'பொண்ணு'. அம்மா தாண்டவில்லை. கண்புரை எடுத்து, முட்டி தேய்ந்து, பேத்திக்கு வேலை கிடைத்த பிறகும், மலையிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, போன் செய்தால் முதல் கேள்வி ஒன்றுதான்.

"இன்னா பாப்பா, பொண்ணு எப்பிடி கீது?"

பாப்பா என்பது நான். எனக்கு ஐம்பது நடக்கிறது.

அம்மா தாண்டாததற்குக் காரணங்கள் இருந்தன. கல்யாணம் திருக்கோவிலூரில், அம்மா வீட்டில் நடந்தது. அப்போது மலைக்கு ரோடு கிடையாது, போதாக்குறைக்கு ஐப்பசி அடைமழை. மழை விட்டதும் கூட்டிப்போகிறேன் என்றார் அப்பா. மழை விட்டபோது நான் வயிற்றில் இருந்தேன். குடும்பத்தில் நான் கெடுத்த முதல் காரியம் அது. பிறகு கள்ளக்குறிச்சியில் அப்பாவின் உரக்கடை, வீடு, எங்கள் படிப்பு. இடையில் மலைக்கு ரோடு வந்தது, பஸ்ஸும் வந்தது. அப்பா மட்டும் அடிவாரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து பழைய ஒற்றையடிப் பாதையில் நடந்தே ஏறி, நடந்தே இறங்குவார்.

"நானும் வர்றேங்க" என்பார் அம்மா.

"உன்னால ஏற முடியாது."

"அதான் பஸ்சு போவுதே."

"பஸ்ஸ நம்பி மலை ஏறுவாங்களா?"

அம்மா அதற்கு மேல் கேட்கமாட்டார். கீரை ஆய்வார். பிறகு அப்பாவின் முழங்காலும் மக்கர் செய்தது, மலையேற்றம் மொத்தமாக நின்றது.

இந்தச் சித்திரையில் அத்தை போன் செய்து குண்டு போட்டார். சித்தப்பா மகனுக்கு வைகாசியில் கல்யாணம். வருகிற பெண்ணுக்கு ஆலம் சுற்ற அந்த வீட்டின் மூத்த மருமகள் வேண்டும்.

"மூத்த மருமவளே இன்னும் வூட்டுக்குள்ள வர்ல. அப்பறம் சின்னது எப்பிடி வரும்? அண்ணன்கிட்ட சொல்லு பாப்பா. இந்தத் தபா வர்லன்னா நான் தம்பி பொண்டாட்டிய மூத்தவளா வச்சி நடத்திடுவேன். அப்பறம் உங்கம்மா காலத்துக்கும் பொண்ணுதான்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பயணத்துக்குப் பொறுப்பேற்றேன். பனிப் பாலைவனங்களைக் கடந்தவர்களின் பயண நூல்களை ஃபேனுக்கு அடியில் படுத்தபடி படித்தவள் நான். கோட்பாட்டு அளவில் என்னை அசைக்க முடியாது. நடைமுறையில், நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்று, இன்னும் ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுகிறவள்.

முதலில் வெள்ளோட்டம். அப்பாவை மட்டும் முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டினேன். கச்சிராயபாளையம் வரை ஒவ்வொரு வயலுக்கும் வரலாறு சொல்லிக்கொண்டு வந்தார். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை வளைய ஆரம்பித்ததும் வரலாறு நின்றது. இரண்டாவது வளைவில், "வண்டிய ஓரங்கட்டும்மா" என்றார். ஏதோ பழைய நினைவைக் காட்டப்போகிறார் என்று நினைத்துப் பயபக்தியோடு நிறுத்தினேன். அவர் கதவைத் திறந்து, காலையில் சாப்பிட்ட இட்லியைக் காட்டினார்.

"உன் ஓட்டலு அப்பிடி" என்றார், வாயைக் கொப்பளித்துவிட்டு.

நானும் நம்பினேன். என் வண்டியில் ஏறியவர்கள் அப்படிச் செய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அவர் ஒரு பாறையில் குந்திக்கொண்டு, ரோட்டைப் பார்க்காமல் காட்டைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"பஸ்சு வந்த புதுசுல ஏறினேன். பாதி வழில ஆரம்பிச்சது, ஊரு வர்ற வரைக்கும் நிக்கல. அத்தினி பேரும் சிரிச்சாங்க. மலைல பொறந்தவனுக்கு மலை ஒத்துக்கலன்னு. உங்கம்மாவ புதுப்பொண்ணா கூட்டினு போயி, ஊரு எல்லையில நான் அந்தக் கோலத்துல எறங்கினா எப்பிடி இருக்கும்?"

"இதுக்காப்பா இத்தனை வருஷம்?"

"உங்கம்மாகிட்ட சொல்லாத."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

அம்மா முருங்கைக்கீரையைக் கீழே வைத்தார். "கீழ்நாட்டுப் பொண்ண கட்டிக்கினது அவங்க ஆளுங்களுக்குப் புடிக்கலபோல, அதான் என்னைக் காட்ட வெக்கப்படறாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். "இத்தினி வருஷமா." சொல்லிக்கொண்டே இருக்கும்போது உதடு கோணியது. அழப்போகிறார் என்று பக்கத்தில் போனேன். சிரிப்பு. முறத்தில் இருந்த கீரை பறக்கிற மாதிரி சிரிப்பு. கூடத்தில் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"இன்னாங்க, வாந்திக்கா?" என்று அம்மா அங்கிருந்தே கேட்டார்.

டிவி சத்தம் இன்னும் கூடியது.

அன்று முதல் எங்கள் வீடு ஆராய்ச்சிக்கூடமானது. மருந்துக்கடைக்காரர் ஒரு மாத்திரை கொடுத்தார். வீட்டிலேயே சோதித்தோம். அப்பா காலையில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி சாயங்காலம் வரை தூங்கினார். அம்மா நின்று பார்த்துவிட்டு, "இவர இப்பிடியே தூக்கினு போயி வாசல்ல கெடத்தினா, நாம கல்யாணத்துக்கு வந்தோம்னு யாரும் நெனைக்கமாட்டாங்க" என்றார். மாத்திரை கைவிடப்பட்டது. எலுமிச்சம்பழம் முகரச் சொன்னார்கள். முகர்ந்து முடித்தவற்றை அம்மா ஊறுகாய் போட்டார். டோலி கட்டலாமா என்று அத்தையைக் கேட்டேன்.

"ஆம்பளைய டோலில தூக்கினு வந்தா, இதுல யாரு பொண்ணுன்னு கேக்கமாட்டாங்களா?" என்றார் அத்தை.

இதற்குள் விஷயம் மலை முழுக்கத் தெரிந்திருந்தது. கடைசியில் வழி சொன்னவர் சித்தப்பா. அவரிடம் ஒரு குட்டி யானை இருந்தது. யானை அல்ல, மரவள்ளிக்கிழங்கை ஏற்றிவந்து கீழே இறக்கிவிட்டுக் காலியாக மலை ஏறும் சின்னச் சரக்கு வண்டி.

"பின்னால நின்னுக்கினு வரட்டும். காத்து மூஞ்சில அடிச்சா ஒண்ணும் ஆவாது. எத்தினி ஆடு ஏத்தினு வந்திருப்பேன், ஒண்ணாவது வாந்தி எடுத்திருக்கா?"

அப்பா இரண்டு நாள் கோபமாக இருந்தார். மூன்றாம் நாள், "ஆடு சொல்றதுலயும் ஒரு இது இருக்குது" என்றார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே கிளம்பினோம். அன்று காலை அம்மா தன் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். அரக்கு நிறம். மடிப்புகளில் கொஞ்சம் இற்றுப்போயிருந்தது. தலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கிடைத்த மொத்தக் கனகாம்பரமும் இருந்தது. அணைக்கட்டு வரை என் காரில் வந்தோம். அங்கே சித்தப்பாவின் வண்டி காத்திருந்தது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்று நான் சட்டம் பேச வாயெடுத்தேன். அம்மா அதற்குள் ஏறியிருந்தார்.

பூ காற்றில் சிதையக்கூடாது என்று அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை, கேபினுக்கு முதுகு காட்டி, கயிற்றால் கட்டியிருந்தார்கள். அப்பா நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கேபின் கம்பியைப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, தேர்தலில் நிற்கிறவர் மாதிரி நின்றார். நான் பின்னால் காரில். அம்மா என்னைப் பார்த்தபடி ராணி மாதிரி கையசைத்தார்.

முதல் வளைவில் அப்பாவின் துண்டு பறந்தது. அவர் கவலைப்படவில்லை. மூன்றாவது வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்குக் கும்பிடு போட்டார். ஐந்தாவதில் ஏதோ பாடுவது என் மூடிய கண்ணாடி வழியாகக்கூடக் கேட்டது. அவர் ஜெயித்துவிட்டார் என்று எனக்கே கண் கலங்கியது. அப்போதுதான் அம்மாவைக் கவனித்தேன். கையசைப்பது நின்றிருந்தது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவருக்கு ரோடு முழுக்கக் காலடியிலிருந்து உருவிக்கொண்டே போயிருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் முகம் ஒரு நிறம் மாறியது. ஹாரன் அடித்தேன். அப்பா எனக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

ஊர் எல்லையில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. ஆலத்தட்டோடு அத்தை, சுற்றிலும் பெண்கள். அப்பா பையன் மாதிரி குதித்து இறங்கி, மணமகளுக்குக் கை கொடுத்தார். மணமகள் இறங்கினார். ஒரு கையால் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கூறைப்புடவையை ஒதுக்கி, ஊர் எல்லையில் ஓங்கரித்தார்.

மேளம் நின்றது.

"நல்லா கீதே" என்றார் அத்தை. "வூட்டுக்குள்ளயே வர்ல, அதுக்குள்ள மசக்கையா?"

அந்த மலை சிரித்த சிரிப்பு அடிவாரம் வரை கேட்டிருக்கும். அம்மாவும் சிரித்தார், நடுநடுவே வாந்தியும் எடுத்தார். அப்பா தண்ணீர் ஊற்றி அம்மாவின் முகத்தைக் கழுவிவிட்டு, வேட்டி நுனியால் துடைத்தார். இத்தனை வருஷமாகத் தான் பயந்த காட்சியில் தனக்கு இந்த வேடம் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை போல, முகமெல்லாம் பல்லாக இருந்தது. பிறகு இருவரும் வெறுங்காலோடு, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அத்தை ஆலம் சுற்றினார். அம்மா வலது காலை வைத்தார். அவ்வளவுதான், படி ஒன்றும் உயரமே இல்லை.

மத்தியானம் சாமைச் சோறும் மொச்சைக்குழம்பும். வயிறு கொஞ்சம் தெளிந்த அம்மா ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கொழம்புல உப்பு கம்மி" என்றார்.

விருந்தாளி சொல்கிற பேச்சில்லை அது. அத்தை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அம்மா பக்கத்தில் வைத்தார்.

"நீங்களே போட்டுக்கங்க அண்ணி" என்றார்.