நாலாயிரம் ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்

வெண்ணந்தூரில் வந்து தமிழரசு வீடு எது என்று கேட்டால், எந்தத் தமிழரசு என்பார்கள். பாட்டுத் தமிழரசு என்றால் உடனே கை காட்டுவார்கள். பதினைந்து வயதில் விசைத்தறிப் பட்டறைக்குள் போனவர் அவர். பத்தொன்பது வருடம் கழித்து, போன ஐப்பசியில்தான் வெளியே வந்தார். இனிமேல் பாட்டுகளுக்கு மாஸ்டரிங் செய்தே பிழைப்பது என்று முடிவு. மனைவி ஜோதி மட்டும் தறிக்குப் போய்க்கொண்டிருந்தார். சித்திரை வரைக்கும் பார்ப்பது, அதற்குள் வேலை நிலைக்கவில்லை என்றால் தமிழரசுவும் பட்டறைக்கே திரும்புவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

மாஸ்டரிங் என்றால் என்னவென்று நானும் அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பாட்டில் குரல் தனியாக, உறுமி தனியாக, கீபோர்டு தனியாகப் பதிவாகும். அவற்றை அளவு பார்த்துக் கலப்பது மிக்ஸிங். கலந்து முடித்து ஒன்றாக வந்த பாட்டை, எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் கெடாமல் கேட்கும்படி தயார் செய்வது மாஸ்டரிங். அதுதான் கடைசிக் கை. அதற்குப் பிறகு யாரும் பாட்டைத் தொடமாட்டார்கள்.

அவர் வேலை செய்யும் முறை சுத்தமாக இருக்கும். வரும் பாட்டின் சத்தம் உச்ச அளவை முட்டிக்கொண்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். கொஞ்சம் இடம் விட்டு அனுப்பச் சொல்வார். முதலில் ஈக்யூ. கீழே கும்மென்று அடைப்பதைக் குறைத்து, மேலே மங்கி இருப்பதைத் தூக்குவது. அடுத்து கம்ப்ரசர். துள்ளும் சத்தத்தை அமுக்கி எல்லாவற்றையும் ஒரே கட்டுக்குள் வைப்பது. கடைசியாக லிமிட்டர், சத்தம் எல்லை தாண்டாமல் பிடிப்பதற்கு. பட்டறைக்காரர் தனசேகருக்கு இதை ஒருமுறை விளக்கியபோது அவர் சொன்னார்: "கம்ப்ரசரு போர்வெல் வண்டியிலதானப்பா இருக்கும். நீ அத ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறங்கற."

அறையையும் அவரே தயார் செய்திருந்தார். மரச்சட்டம் அடித்து, பட்டறையில் வீணாகும் பஞ்சைத் திணித்து, நான்கு சுவரிலும் மாட்டியிருந்தார். கதவைச் சாத்தினால் தெருவில் ஓடும் தறிச் சத்தம் லேசான நடுக்கமாக மட்டும் வரும்.

கோயில் நோன்புப் பாட்டு, கும்மிப் பாட்டு என்று சுற்று வட்டாரத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் நல்ல பெயர். கணீரென்று இருக்கிறது என்பார்கள். ஆனால் வருடம் முழுக்கக் கும்மி நடப்பதில்லை. அதனால்தான் சேலத்திலிருந்து தோமினிக் வந்தது பெரிய காரியமாக இருந்தது.

தோமினிக்குக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். தவக்காலப் பாடல்கள் பத்து, அந்த நோன்புக் காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குள் வெளியிட வேண்டும். இது நன்றாக அமைந்தால் இன்னும் மூன்று பங்குக் கோயில்களின் பாடல்களும் வரும் என்றார். அவர் போனதும் தமிழரசு ஜோதியிடம் சொன்னார்: "சித்திர வரைக்கும் எதுக்கு. இப்பவே ஆயிரும் பாரு."

பத்துப் பாட்டிலும் முதன்மைக் குரல் நான்சி என்கிற பெண்ணுடையது. முதல் பாட்டில் அந்தக் குரலும் ஒரு ஹார்மோனியமும்தான். தமிழரசுக்குக் குரல் பிடித்திருந்தது. ஆனால் வார்த்தை தெளிவாக இல்லை என்று பட்டது. கம்பளிக்குள் வாயை வைத்துப் பாடுவதுபோல் இருந்தது. வார்த்தைகள் தெளியும் நாலாயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண் பக்கம் தூக்கினார். மாஸ்டரிங்கில் ஒரு டெசிபல், ஒன்றரை டெசிபல் ஏற்றுவதற்கே யோசிக்க வேண்டும். அவர் ஆறு ஏற்றினார். அப்புறம்தான் வார்த்தைகள் வெளியே வந்தன.

வெளியான நல்ல பாட்டு ஒன்றைப் பக்கத்தில் போட்டு ஒப்பிட வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். அவரும் போட்டுப் பார்த்தார். பெரிய ஸ்டுடியோக்களில் செய்த பாட்டுகள் எல்லாமே அவருக்கு மந்தமாகத்தான் கேட்கும். அவர்களுக்குத் துணிச்சல் இல்லை என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பாட்டை அனுப்பிய மறுநாள் தோமினிக் போன் செய்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. நான்சி குரல் ஊசி மாதிரி குத்துதுப்பா."

"குத்துதுங்களா? எதுலீங்க கேட்டீங்க?"

"போன்ல கேட்டேன், கோயில் ஸ்பீக்கர்ல கேட்டேன், எல்லாத்துலயுந்தான்."

ஒரே இடத்தில் கேட்டு முடிவு செய்யக் கூடாது, பல ஸ்பீக்கரில் பல பேருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது இன்னொரு பாடம். தமிழரசு அதையும் விடவில்லை. தனசேகரின் காரில் போட்டார். "நல்லாத்தான இருக்குது, சர்ச்சுக்காரங்களுக்கு என்னவாம்?" என்றார் தனசேகர். முப்பது வருடம் தறி ஓட்டிய ஆண்டிக்குப் போனில் போட்டுக் காட்டினார். ஆண்டி கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த வசந்தாமணி இன்னும் ஒரு படி மேலே போனார்.

"இன்னுங் கொஞ்சம் தூக்கி வெய்யி சாமி. அந்தப் புள்ள என்ன பாடுதுன்னு தெரியோணுமில்ல."

ஆறு பேரிடம் கேட்டார். ஆறு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். தோமினிக்கின் போனிலும் கோயில் ஸ்பீக்கரிலும்தான் கோளாறு என்று முடிவு செய்து, நாலாயிரத்தை இன்னும் ஒரு டெசிபல் ஏற்றி மறுபடி அனுப்பினார். தோமினிக்கிடமிருந்து இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான்சியைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வருவதாகச் சொன்னார்.

வந்தார்கள். ஜோதிக்கு அன்று விடுமுறை, காபி போட்டுக்கொண்டு வந்து கதவோரம் நின்றார். நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் யாழினியும் பின்னாலேயே வந்து நின்றாள். தமிழரசு பாட்டைப் போட்டார்.

நான்சி முதல் வரியிலேயே தோளைக் குறுக்கிக்கொண்டாள். இரண்டாம் வரியில் இரண்டு கையும் காதுக்குப் போய்விட்டன. தன் குரலுக்குத் தானே காதைப் பொத்தும் பெண்ணைத் தமிழரசு அதற்கு முன் பார்த்ததில்லை. தோமினிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். கதவருகே யாழினியும் காதைப் பொத்தியிருந்தாள். அவர் வேலை செய்யும்போதெல்லாம் அவள் அப்படித்தான் நிற்பாள். விளையாட்டு என்று விட்டிருந்தார்.

"எனக்கு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் ஜோதி.

"என்னோட ச, ஸ எல்லாம் சீறுதுங்கண்ணா" என்றாள் நான்சி. "நான் அப்படிப் பாடல."

தமிழரசுக்கு முகம் சூடாகிவிட்டது. "ஸ்பீக்கர்ல சந்தேகம்னா பாத்துரலாமுங்க" என்றார். கம்ப்யூட்டரில் ஒற்றைச் சத்தம் ஒன்றை எடுத்தார். கீழ் ஸ்தாயியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும் சத்தம். எந்த இடத்தில் ஸ்பீக்கர் தப்பு செய்கிறது என்று அதில் தெரிந்துவிடும். "எல்லாரும் கையத் தூக்கிக்குங்க. சத்தம் நின்னா எறக்குங்க."

ஐந்து கைகள் மேலே போயின. நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று சத்தம் ஏறியது. இரண்டாயிரம். மூன்றாயிரம் தாண்டியதும் மெலிந்து, மெலிந்து, நின்றுபோனது. தமிழரசு கையை இறக்கினார்.

மற்ற நான்கு கைகளும் மேலேயே இருந்தன.

அவர் திரையைப் பார்த்தார். மூவாயிரத்து நானூறு. மீட்டரின் பச்சைக் கோடு கொஞ்சமும் குறையாமல் நின்றுகொண்டிருந்தது. நாலாயிரத்து இருநூறில் ஜோதியின் கை தயங்கித் தயங்கி இறங்கியது. "நின்னுபோச்சுங்களே" என்றார். நான்சி அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏழாயிரத்துக்குப் பக்கத்தில் தமிழரசுக்கு நூலிழை போல என்னவோ மறுபடி கேட்டது. பதினோராயிரத்தில் தோமினிக் கை இறங்கியது. நான்சியும் யாழினியும் கடைசிவரை இறக்கவில்லை.

தறியின் சத்தம் காதில் முதலில் தின்பது நாலாயிரத்தைச் சுற்றிய இடத்தைத்தான். அது ஒரே நாளில் போவதில்லை. வருடக் கணக்கில் தேய்கிறது, அதனால் தேய்கிறவருக்குத் தெரிவதில்லை. தமிழரசு போட்டுக் காட்டிய ஆறு பேரும் தறிக்காரர்கள். அவருக்கு இருந்த பள்ளம் அந்த ஆறு பேருக்கும் அதே இடத்தில் இருந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் அவர் இத்தனை நாளும் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஊரே கணீரென்று இருக்கிறது என்று பாராட்டியது அதனால்தான்.

ஜோதி மகளைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா கண்ணு, எங்களுக்குக் கேக்கறதில்லன்னு?"

"தெரியுமே. நீங்க அந்தப்பக்கம் திரும்பிக்கிட்டு நின்னா நான் பேசமாட்டன்ல."

"ஏன் சாமி சொல்லவே இல்ல?"

யாழினிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "எங்க கிளாஸ்ல எல்லாரு ஊட்லயும் அப்படித்தான" என்றாள்.

தோமினிக் எழுந்து தமிழரசுவின் தோளில் கை வைத்தார். வேறு இடத்தில் கொடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வந்திருந்தார். அதை அவர் பின்னால் ஒப்புக்கொண்டார். ஆனால் அப்போது சொல்லவில்லை. "சாம்பல் புதனுக்கு இன்னும் மூணு வாரம் இருக்குது தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்று வாரமும் தமிழரசு கண்ணால் வேலை செய்தார். எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று திரையில் வரைபடமாகக் காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. நல்ல பாட்டுகள் ஐந்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, நான்சியின் பாட்டு அதே வடிவத்துக்கு வரும்வரை ஈக்யூவைக் குறைத்தார். நாலாயிரத்தில் ஏற்றியிருந்த ஏழு டெசிபலையும் எடுத்தார். ஐயாயிரத்துக்கு மேல், அவருக்குக் கேட்காத இடத்தில், சீறல் இருக்கும் இடங்களைக் கோட்டின் துள்ளலை வைத்துக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக அமுக்கினார். பாட்டு முடிய முடிய நான்சியின் குரல் மறுபடி கம்பளிக்குள் போனது. பத்தாவது பாட்டை முடித்தபோது, தான் செய்ததிலேயே மோசமான வேலை என்று காது சொன்னது. சரி என்று திரை சொன்னது. திரை சொன்னதை அனுப்பினார்.

"இதாம்பா. இதத்தான் கேட்டோம்" என்றார் தோமினிக்.

தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று மாலை, சிலுவைப் பாதை வழிபாடு தொடங்குவதற்கு முன் கோயிலில் முதல் பாட்டைப் போட்டார்கள். தமிழரசு கடைசி வரிசைக்குப் பின்னால், தூண் ஓரமாக நின்றார். பாட்டு சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஓடுவதுபோல் இருந்தது அவருக்கு. அதனால் முகங்களைப் பார்த்தார். யாரும் தோளைக் குறுக்கவில்லை. ஒரு கைக்குழந்தை அழாமல் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னாசிமேரி என்ற வயதான அம்மாள், பாடகர் குழுவில் முன்பு பாடியவராம், உதட்டை அசைத்து ஒவ்வொரு வார்த்தையையும் கூடவே சொன்னார். அந்த உதட்டைப் பார்த்துத்தான் தமிழரசு தெரிந்துகொண்டார், வார்த்தைகள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன என்று.

வெளியே வந்ததும் தோமினிக் அடுத்த பங்கின் பாடல்கள் தயாராக இருப்பதாகச் சொன்னார். மூன்று பங்குகளிலும் சம்மதித்துவிட்டார்கள்.

"வேண்டாமுங்க."

"ஏம்பா? அருமையா வந்திருக்குதே."

"பாத்துச் செஞ்சதுங்க. கேட்டுச் செய்யல. நாளைக்கு ஒரு பாட்டு கோட்டுல சரியா இருந்து காதுல தப்பா இருந்தா, எனக்குத் தெரியாதுங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஜோதி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வந்த வேலைய வேண்டாம்னுட்டு வந்தீங்களா? அப்புறம் என்ன பண்ணப் போறீங்க?"

"தறிக்குப் போறேன். நீ வேலையில இருந்து நின்னுக்க."

"நான் எதுக்கு நிக்கோணும்?"

"அன்னைக்கு எனக்கு மூவாயிரத்து நானூறுல நின்னுபோச்சு. உனக்கு நாலாயிரத்து இருநூறு வரைக்கும் வந்துது. எனக்குப் போனது போயிருச்சு, இனி நின்னாலும் வரப்போறதில்ல. உனக்கு இன்னுங் கொஞ்சம் இருக்குதுல்ல."

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கல."

"எட்டு வருசமா ஓட்டற தறிங்க அது. நல்ல பாவு நூலாப் போட்டு வெச்சிருக்கறன்."

"தார்க் குச்சியில நூல் சுத்து. அது இத்தன சத்தமில்ல."

அந்த வாரம் முழுக்க ஜோதி அவரோடு பேசவில்லை. கம்ப்யூட்டர் மேல் துணி போட்டு மூடியது யார் என்று எனக்குத் தெரியவில்லை. இருவரில் யாரையும் கேட்கவும் முடியவில்லை.

பங்குனி பிறந்த அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, தனசேகரின் பட்டறையில், ஜோதியின் தறியில் தமிழரசு நின்றார். பாவு பாதிவரை ஓடியிருந்தது. ஜோதி விட்டிருந்த இடத்திலிருந்து அவர் சேலையைத் தொடர்ந்தார்.