பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே

மாரியம்மன் பண்டிகை நோட்டீஸை இரு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அப்பா எங்கள் வாசலில் நின்ற காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இங்க பாரு சாமி, தலைவருன்னு போட்டு ஒருத்தரு பேரு இருக்குது. அவருக்கும் மேல, கௌரவத் தலைவருன்னு போட்டு மில்லு முதலாளி பேரு இருக்குது. அப்ப விரிவுரையாளரு பெருசா, கௌரவ விரிவுரையாளரு பெருசா?" ரிக் வண்டி ஓட்டி, ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டு வந்த மனுசர். எதையும் யாரிடமும் கேட்கமாட்டார்; தானே யோசித்துக் கண்டுபிடிப்பார். இதையும் அப்படித்தான் கண்டுபிடித்திருந்தார். அதற்கு முந்தைய வாரம்தான் ஓர் அரசுக் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் எனக்குக் கௌரவ விரிவுரையாளர் வேலை கிடைத்திருந்தது. முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரி கல்லூரியாக நேர்காணலுக்கு ஏறி இறங்கி, கடைசியில் கிடைத்தது. "நீங்க வேறப்பா" என்று சிரித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

கௌரவ விரிவுரையாளர் என்றால் நிரந்தரமில்லாதவர் என்று பொருள். மே மாதம் சம்பளம் கிடையாது. ஜூனில் மறுபடி உத்தரவு வந்தால்தான் வேலை உண்டு. கொடுக்க மனமில்லாத அத்தனைக்கும் பதிலாக ஒரு வார்த்தையைக் கொடுத்தால் போதும் என்று யோசித்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அந்தச் சம்பளத்தில் காலம் தள்ள முடியாது என்பதால் சாயங்காலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன். சனி, ஞாயிறுகளில் சேலத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்கிற வேலை. கல்லூரியில் 'மேடம்', டியூஷன் வீட்டில் 'மிஸ்', அச்சகத்தில் 'ஏம்மா'. ஒரே புடவைதான், ஆள் மட்டும் மூன்று. சேந்தமங்கலம் பஸ்ஸில் திரும்பி வரும்போது இதில் எந்த ஆள் வீட்டுக்குப் போகிறாள் என்று எனக்கே குழப்பமாக இருக்கும். அப்பாவுக்குத் தெரிந்தது கல்லூரி மேடம் மட்டும். மற்றதெல்லாம் பொழுதுபோக்குக்கு என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

தம்மம்பட்டியில் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார். எனக்குப் பெரியப்பா முறை. மரவள்ளி போடுகிற விவசாயி. அவர் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, சொற்ப மார்க் குறைந்ததால் எங்கள் கல்லூரியில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று நின்றாள். "அதென்னுங்கண்ணா பெரிய விசயம், நம்ம பாப்பா அங்கதான வேல பாக்குது, ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. எனக்கு ஆனந்த அதிர்ச்சி கொடுப்பதாக நினைத்திருப்பார்.

அது ஜூன் மாதம். அந்த வருடத்துக்கு எங்களுக்கு இன்னும் உத்தரவு வந்திருக்கவில்லை. விசாரிக்கலாம் என்று நானும் என் மாதிரி இன்னும் சில பேரும் அலுவலக வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம். அப்போது கேட் பக்கமிருந்து சலவை வேட்டியில் அப்பா வருகிறார். பின்னாலேயே பெரியப்பா, அந்தப் பெண். அப்பா நேராக அலுவலகத்துக்குள் போய், அங்கிருந்த கிளார்க் அம்மாவிடம் என்னைக் கைகாட்டி, "இவங்க என்ற மவதானுங்க. இங்க கௌரவ விரிவுரையாளரு" என்றார். கௌரவ என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

அந்த அம்மா நல்லவர்தான். கேலியாகச் சொல்லவில்லை. "மேடம் கெஸ்ட் லெக்சரருங்க. அவங்களுக்கே இந்த வருச ஆர்டர் வரலீங்க. பாருங்க, வெளியதான் நிக்கிறாங்க. அவங்க சொல்லி எப்படிங்க சீட்டு குடுக்கறது? எல்லாம் மார்க்குப்படிதானுங்க" என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பெரியப்பா, "செரி விடு தம்பி, வேற எடம் பாப்போம்" என்று அப்பாவின் தோளைத் தொட்டார். அந்தப் பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை, ஏமாற்றம்கூட இல்லை. படித்தால் இப்படித்தான் நிற்க வேண்டுமா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அவமானம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

பஸ்ஸில் அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அப்பா கேட்டார்: "கெஸ்ட்டுன்னா விருந்தாளிதான சாமி?"

"ஆமாங்கப்பா."

"விருந்தாளின்னா கூப்புட்டவங்க சோறு போடோணுமல்ல?"

பஸ் எங்காவது நின்றால் இறங்கி, எதிர்ப் பக்கம் போகிற ஏதோவொரு பஸ்ஸில் ஏறிவிடலாம் என்றிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "அங்க சீட்டெல்லாம் முடிஞ்சு போச்சாம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வைகாசியில் என் தம்பிக்குக் கல்யாணம். பத்திரிகையை நான் வேலை செய்கிற அச்சகத்திலேயே அடித்துக்கொள்ளலாம் என்று அப்பா வந்து என் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் பெயரோடு படிப்பு வரும், அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் வேலை வரும். எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. சித்தப்பாவுக்குக்கூட 'விவசாயம்' என்று போட்டிருந்தேன். என் பெயருக்கு முன்னால் முனைவர், பின்னால் வரிசையாகப் பட்டங்கள். கீழே ஒன்றும் போடவில்லை.

அப்பா திரையைப் பார்த்தார். "கீழ ஒண்ணையும் காணமே?"

"வேண்டாங்கப்பா."

"வெறுமனே உட்டா கேப்பாங்க சாமி. அந்தப் பழைய பேரையே போடு. கௌரவ விரிவுரையாளரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நம்மூருல ஆருக்கும் அர்த்தம் தெரியாது."

அடிக்கணக்கில் கூலி வாங்குகிற தொழிலில், வாழ்க்கையில் ஒரு அடி ஆழம்கூடக் கூட்டிச் சொல்லிக் காசு வாங்காத ரிக் டிரைவர் அவர். "தம்மம்பட்டிப் பெரியப்பாவுக்குத் தெரியுமேங்கப்பா" என்றேன். "அவருக்கு நானே கொண்டுபோயிக் குடுத்துக்கறேன், நீயும் வா" என்றார். நான் தட்டச்சு செய்தேன்.

பெரியப்பாவுக்கு ஒரு பழக்கம். பத்திரிகை கொடுத்தால் யார் பெயராவது விட்டுப்போயிருக்கிறதா என்று தலைப்பிலிருந்து சத்தமாகப் படிப்பார். தாம்பூலத் தட்டை வாங்கிக் கீழே வைத்தார், கண்ணாடியை மாட்டினார், ஆரம்பித்தார். அந்தப் பெண் தண்ணீர்ச் சொம்போடு நிலைப்படியில் நின்றாள். இப்போது வேறொரு கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கிறாளாம். என் பெயர் வந்தது. முனைவர் என்று படித்தார், பட்டங்களையெல்லாம் படித்தார். 'கௌரவ விரிவுரையாளர்' என்று, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல், தெளிவாகப் படித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அப்பா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், லேசாகச் சிரித்திருக்கலாம், நான் எப்படியாவது தாங்கியிருப்பேன். படித்து முடித்து, "நல்லா வந்திருக்கு தம்பி" என்றார். அப்பா, "ஆமாங்கண்ணா" என்றார்.

இந்த ஜூனிலும் நான் உத்தரவுக்குத்தான் காத்திருக்கிறேன். டியூஷன் வீடு மாறிவிட்டது, அச்சகம் அதேதான். யாராவது அப்பாவிடம் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், முன்பெல்லாம் வேலையின் முழுப் பெயரையும் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பார். இப்போது, "காலேஜுப் பக்கம் போயிட்டு வருதுங்க" என்கிறார். அதில் பொய் ஒன்றுமில்லை. பொய்யில்லாத அந்த வாக்கியத்தைக் கண்டுபிடிக்க அவர் தனியாக எத்தனை நாள் யோசித்திருப்பார் என்று நினைத்தால்தான் எனக்கு முகம் காந்துகிறது.