தாமல் ஏரி நண்டும் தரணேந்திரன் சாரும்

தரணேந்திரன் சார் இறந்த செய்தியை அவர் மனைவிதான் தொலைபேசியில் சொன்னார். "காபி குடிச்சிக்கினே இருந்தாரு மேடம், அப்படியே போயிட்டாரு." அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. முந்தின நாள் மாலை ஒரு நண்டின் இனம் பற்றி என்னோடு சண்டை போட்டுவிட்டு, "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று போனை வைத்த மனிதர். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும்.

காஞ்சிபுரத்தில் எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறையில் அடுத்தடுத்த மேசை எங்களுக்கு. நன்னீர் நண்டுகளை வகைப்படுத்துவது வேலை. அதற்கு நண்டைப் பிடித்து ஆல்கஹாலில் போட வேண்டும். சமணக் குடும்பத்தில் பிறந்த சார், உயிருள்ள ஒன்றையும் போட மாட்டார். மற்ற ஊர் ஆய்வாளர்கள் ஒரே காலையில் கூடை நிறையப் பிடிப்பார்கள். நாங்கள் வாலாஜாபாத் வரப்புகளில் தானாகச் செத்த நண்டைத் தேடி அலைவோம். கிடைப்பதில் பாதி காக்கை கொத்தியது, மீதி எறும்பு தின்றது.

"நான் போடறேன் சார், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்று கெஞ்சியிருக்கிறேன்.

"பேரு வேணும்னு நண்டா கேட்டுது? நமக்குத்தானே வேணும். நாமதான் காத்துக்கினு இருக்கணும்" என்பார்.

ஒரு கோடையில் தாமல் ஏரி வற்றி, சேற்றில் சில நண்டுகள் செத்துக் கிடந்தன. ஆண் நண்டின் வயிற்று மடிப்புக்குள் இருக்கும் இனச்சேர்க்கை உறுப்பை வைத்துத்தான் இனத்தை உறுதி செய்வோம். இவற்றில் அதன் நுனி, நாங்கள் படித்த எதிலும் இல்லாதபடி வளைந்திருந்தது. புது இனம் என்று கட்டுரை எழுதி, ஊர்ப் பெயரையே வைத்தோம். ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. கல்லூரி முதல்வர் வாசலில் பேனர் கட்டி, பத்திரிகைக்காரர்களை அழைத்து, பாராட்டு விழா வைத்தார்.

விழாவன்று சார் பேன்ட் முழுக்கச் சேற்றோடு வந்தார். கையிலிருந்த டிபன் டப்பாவில், அதே கரையில் செத்துக் கிடந்த, முழுதாக வளர்ந்த ஓர் ஆண் நண்டு. நுண்ணோக்கியில் பார்த்தேன். மற்ற அடையாளமெல்லாம் அச்சாக எங்கள் புது நண்டேதான். நுனி மட்டும் நேராக இருந்தது. நாங்கள் முன்பு பார்த்தவை வளர்ந்து முடியாதவை. எப்போதோ பெயர் வைத்தாகிவிட்ட சாதாரண வயல் நண்டுதான் இது.

"விழா முடியட்டும் சார். நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"தப்பான பேரு அச்சுல ஏறிட்டா எடுக்கறது கஷ்டம் மேடம்."

நேராக மேடையேறி மைக்கைப் பிடித்தார். "இது புது நண்டு இல்லீங்க. நாங்கதான் அவசரப்பட்டுட்டோம். கட்டுரைய வாபஸ் வாங்கிக்கறோம்." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பட்டுச் சால்வையோடு நின்ற முதல்வர், வேறு வழி தெரியாமல் அதை எனக்குப் போர்த்தினார்.

அதன் பிறகு பல வாரங்கள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. தினமும் என் மேசைக்கு வந்து தானே கேள்வி கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டு போனார்.

அவர் காரியம் முடிந்த வாரம், வேறோர் ஊரிலிருந்து ஒரு கட்டுரை என் பரிசீலனைக்கு வந்தது. புது நண்டாம். படத்தைப் பார்த்தால் இளம் ஆண். முழு வளர்ச்சி பெற்றது கிடைக்கும்வரை பொறுங்கள் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். அங்கேயும் பேனர் கட்டியிருப்பார்களோ என்னவோ. இந்நேரம் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தத் திட்டுதான். வாங்கிக்கொள்கிறேன் சார்.