சாவியை எடுத்தும் நிற்காத கார்கள்

பழைய டீசல் கார் மெக்கானிக்கிடம் சிரித்த முகத்தோடு வந்து நின்றவர் ஒருவர்கூடக் கிடையாது. எண்பதுகளில் திண்டிவனத்தில் எனக்கு ஒரு ஷெட் இருந்தது. விழுப்புரத்திலும் வாடிக்கைக்காரர்கள் இருந்ததால் பாதிப் பொழுது பஸ்ஸிலேயே போகும். பெட்ரோல் விலைக்குப் பயந்து, வயசான கார்களில் டீசல் இஞ்சினை மாற்றிப் பொருத்தி ஓட்டிய காலம் அது. மூன்று கை, நான்கு கை மாறி வந்த வண்டிகள். அப்படி ஒன்றை வைத்திருந்தவர்களுக்கும், அதில் ஏறிப் போய் நடுவழியில் இறங்கித் தள்ளியவர்களுக்கும் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வேறு ஒரு வியாதி உண்டு. எங்காவது ஒரு இஞ்சின் சத்தம் சரியில்லை என்றால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது.

பெண்ணின் பெயர்

கண்டாச்சிபுரத்துப் பக்கம் நிலம் நீச்சு உள்ளவர் கோவிந்தசாமி. பாண்டிச்சேரி புரோக்கரிடம் ஒரு டீசல் கார் வாங்கி, முதல் காரியமாக மகனுக்குப் பெண் பார்க்க மயிலம் போனார். அங்கிருந்து நேராக என் ஷெட்டுக்கு வந்தார். வண்டி நின்றது, ஆனால் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சாவி அவர் கையில். "சாவியப் புடுங்கியும் அடங்க மாட்டேங்குது, பேய் புடிச்சிருக்கா பாரு" என்று கத்தினார். பின் சீட்டில் மாப்பிள்ளைப் பையன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

டீசல் இஞ்சின் சாவிக்கு அடங்காது. டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால் ஒரு கம்பி போய் பம்பில் டீசலை அடைக்கும், இஞ்சின் நிற்கும். புரோக்கர் அதைச் சொல்லவேயில்லை. இவர்களாகக் கண்டுபிடித்து இழுத்த இழுப்பில் கம்பி அறுந்துவிட்டது. பெண் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் வண்டி அப்படியே உறுமிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் பானெட்டைத் தூக்கி, பம்பில் இருந்த சின்ன லீவரை ஒரு விரலால் தள்ளினேன். சட்டென்று எல்லாம் அடங்கியது. கோவிந்தசாமி கொஞ்ச நேரம் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "பொண்ணு பேரு சொன்னாங்க மேஸ்திரி, இந்தச் சத்தத்துல ஒண்ணும் காதுல உழல. இப்ப திரும்பிப் போயி பேரைக் கேட்டுக்கினு வரணும்."

காய்ச்சலும் பல்லும்

விழுப்புரத்தில் ஒரு பிரசவ டாக்டரம்மா. மார்கழி மாதம் அவருடைய கார் காலையில் கிளம்பாது. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் புருஷன்மார்கள்தான் தினமும் தள்ளுவார்கள். மனைவி உள்ளே வலியில் துடிக்க, வெளியே இவர்கள் டாக்டரின் காரைத் தள்ளிக்கொண்டிருந்தால் பார்க்கச் சகிக்குமா? ஒரு நாள் காலை கிராமத்திலிருந்து அவசர அழைப்பு. கார் கிளம்பாமல் அவர் மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்றைக்கே நான் பஸ் பிடித்துப் போய் அந்தக் காரின் பானெட்டைத் தூக்கினேன்.

பேட்டரி என்று நினைத்து அதை மாற்றினேன். அப்புறம் ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். அப்புறம் டீசல் ஃபில்டர். ஆறாம் நாள்தான் என்னோடு வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன் காதர் பாய் வந்து பார்த்தார். குளிரில் இஞ்சினைச் சூடாக்கிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக் நான்கில் ஒன்று எரிந்து போயிருந்தது. திருவிழா சீரியல் பல்பு மாதிரி, ஒன்று போனால் நான்கும் போச்சு. அதை மாற்றியதும் ஒரே சுற்றில் வண்டி கிளம்பியது. டாக்டரம்மா கோபப்படவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டபடி சொன்னார்: "ஜுரம்னு வந்தவனுக்கு நீங்க மூணு பல்லைப் பிடுங்கிட்டு, அதுக்கப்புறம்தான் மாத்திரை குடுத்திருக்கீங்க."

இருபத்துநான்கு மைலும் ஒரு தட்டலும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் திரும்பும்போது ஒரு நாள் பஸ் இஞ்சினில் 'டக், டக்' என்று ஒரு சத்தம். ஒரு நாஸல் டீசலைச் சரியாகத் தெளிக்கவில்லை. விக்கிரவாண்டி வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. எழுந்து போய், எந்த நாஸல் என்பதுவரை டிரைவரிடம் சொன்னேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மூணு வருஷமா நானும் அதுவும் பேசிக்கினு போறோம், நீங்க நடுவுல பூராதீங்க. போய் உக்காருங்க."

மீனம்பாக்கம் வரை

கோட்டக்குப்பத்து சலீம் முதல்முறையாக துபாய் புறப்பட்டவன். சாயங்காலம் பம்பாய்க்கு ப்ளேன், அங்கிருந்து மறுநாள் துபாய். அதோடு விசா கெடு முடிகிறது. அவனும் அவனைப் பெற்ற அத்தாவும் ஏறி வந்த டாக்ஸி திண்டிவனத்தில், என் ஷெட்டுக்கு முன்னால், நடு மத்தியானத்தில் நின்றுவிட்டது. டீசல் லைனில் காற்று புகுந்திருந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அமுக்கி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை விட்டேன். வண்டி ஓடியது. நூறு அடி போய் மறுபடி நின்றது. எங்கோ ஒரு ரப்பர் குழாயில் வெடிப்பு. அந்த அளவுக் குழாய் அன்று திண்டிவனத்தில் எந்தக் கடையிலும் இல்லை.

சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கக் கட்டினேன். பையன் பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் வைத்து, ஒரு கையால் பிடித்தபடியே நின்றான். அவன் அத்தா என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். என் கால்கள் தானாக நடந்து போய் முன் சீட்டில் ஏறின. அச்சிறுப்பாக்கத்தில் ஒருமுறை, மதுராந்தகம் ஏரிக்கரையில் ஒருமுறை, செங்கல்பட்டு தாண்டி இரண்டு முறை இறங்கிப் பம்ப் அடித்தேன். தாம்பரத்தில் வண்டி இருமியபோது நாங்கள் நான்கு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். கதவு மூடுவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். டீசல் நாறும் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சலீம் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான்: "அண்ணே, ப்ளேனுக்குள்ள காத்து பூந்துட்டா என்ன பண்றது? நீங்களும் கூட வந்துடுங்களேன்!"

ஆறட்டும்

இதை எழுதக் கொஞ்சம் தயக்கம்தான். விக்கிரவாண்டி ரோட்டோரத்தில் ஒரு வக்கீலின் கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. விழுப்புரம் கோர்ட்டில் அவருக்கு அன்று ஒரு ஜாமீன் வழக்கு. நானும் காதர் பாயும் பஸ் பிடித்துப் போனோம். பெல்ட் அறுந்திருந்தது. தண்ணீர் பம்பையும் டைனமோவையும் அந்த ஒரே பெல்ட்தான் சுற்றும். அதனால் இஞ்சினும் கொதித்தது, பேட்டரியும் படுத்துவிட்டது. புது பெல்ட்டை மாட்டிவிட்டேன். இனி ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். ஆனால் இஞ்சின் ஆற வேண்டும்.

"அரை மணி நேரம் வுடுப்பா, சூடு தணியட்டும்" என்றார் பாய். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்த்ததைவிட நான் அதிகமாகப் பார்த்தேன். "ஜல்தி பாய், துணி வச்சுத் திறங்க, ஒண்ணும் ஆவாது" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாக்குத் துணியைப் போட்டு மூடியைத் திருகினார். வெந்நீர் பீய்ச்சி அடித்தது. முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. வக்கீல் கோர்ட்டை மறந்து, வந்த லாரியை மறித்து, அவரே பாயைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நான் அந்தக் காருக்குப் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

தினமும் சாயங்காலம் பாய் வீட்டுக்குப் போவேன். அவர் மனைவி டீ கொடுப்பார், என்னிடம் பேச மாட்டார். பாயும் வானிலை, சினிமா என்றுதான் பேசுவார். கட்டுப் பிரித்த நாளில், சிவந்து வழவழப்பாக இருந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அமைதியாகச் சொன்னார்: "இஞ்சின் ஆற நீ அரை மணி நேரம் குடுக்கல. என் கை ஆற மூணு வாரம் ஆச்சு. நாளைக்கு வேலைக்கு வர்றேன், ஆனா மூடிய இனிமே நீ தொற."

நான் பார்த்த பழைய டீசல் கார்களில் பாதி தாமாகவே பழுதாயின, மீதியை நானும் என் அவசரமும் சேர்ந்து கவனித்துக்கொண்டோம்.