சர்க்கரை இருக்கிறவர்கள்

எனக்குச் சர்க்கரை இருப்பது வெகுநாள் வரை இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் விழுப்புரத்தில் எனக்கு இன்சுலின் எழுதிக் கொடுக்கும் டாக்டர், இன்னொருத்தி என் மகள். குடியிருப்பது திண்டிவனத்தில். ஆனால் உள்ளூர் மருந்துக்கடையில் ஊசி வாங்கினால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். என் ஜெராக்ஸ் கடை விழுப்புரத்தில் இருந்ததால் வைத்தியத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டேன். தினமும் பஸ் ஏறிப் போகிறவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பிரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பின்னால் ஒரு டிபன் டப்பாவுக்குள் மருந்து இருக்கும். காலையும் இரவும் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வயிற்றில் குத்திக்கொள்வேன். திருட்டு பீடி பிடிக்கிற பையன்கூட இவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டான்.

மகளுக்குக் கிளியனூரில் சம்பந்தம் பேசியபோது இந்த ஜாக்கிரதை இன்னும் கூடியது. சொந்த நிலம், டிராக்டர் என்று நல்ல குடும்பம். நானோ மனைவியைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாளாகப் பெண்ணை வளர்த்தவன். மாப்பிள்ளையின் அம்மா பேச்சுவாக்கில், தன் நாத்தனாருக்குச் சர்க்கரையால் காலை எடுத்த கதையைச் சொன்னார். அது பரம்பரையாக வருமாமே என்றும் சொன்னார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. கேட்காததற்கு எதற்குப் பதில் என்று நானும் இருந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். கை நனைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பேசி முடித்த அன்றைக்கு அங்கே இலை போட்டார்கள், உட்கார்ந்தேன். பாயசத்தை வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்களே என்று குடித்தேன். இன்னும் கொஞ்சம் என்றார்கள், அதையும் குடித்தேன். சம்பந்திக்கு இனிப்பு என்றால் உயிர் போலிருக்கிறது என்று அந்த அம்மா சிரித்தார். என்னோடு வந்திருந்த மகள் மட்டும் சிரிக்கவில்லை.

நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் புயல் வந்தது. விடாத மழைக்குப் பிறகு ஒரு விடியற்காலை ஏரி எங்கள் நகருக்குள் வந்துவிட்டது. வந்துவிட்டது என்று சொல்வதுகூடத் தப்பு. அது இருந்த இடத்தில்தான் நாங்கள் மனை வாங்கி வீடு கட்டியிருந்தோம். இடுப்பளவு தண்ணீரில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறும்போது காலில் ஏதோ குத்தியது. தகரமா கண்ணாடியா, தெரியவில்லை. பிரிட்ஜ் கவிழ்ந்து சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டிருந்தது. டிபன் டப்பா அதற்குள்ளேயே போயிற்று.

எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். சோறு வந்தது, பாய் வந்தது, மெழுகுவர்த்தி வந்தது. மருந்து மட்டும் வரவில்லை, வரவும் வழியில்லை. மாதாமாதம் வீடு வீடாக அரசாங்க மாத்திரை கொண்டுவரும் அம்மாவே தன் வீட்டில் தண்ணீர் புகுந்து எங்கள் பக்கத்தில் பாய் விரித்திருந்தார். சுகாதார நிலையத்தில் கரண்ட் இல்லாமல் தடுப்பூசிகளை ஐஸ் பெட்டியில் போட்டு வேறு எங்கோ கொண்டுபோய்விட்டார்களாம். விழுப்புரம் போகும் ரோட்டில் வெள்ளம். திறந்திருந்த ஒரு மருந்துக்கடைக்காரர், பிரிட்ஜ் ஓடாததால் தன்னிடம் இருக்கும் இன்சுலினை நம்பி விற்க முடியாது என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அந்த யாரோ நான் இல்லை. அவரிடம் போய்க் கேட்கும் தைரியம் எனக்கு அப்போதும் வரவில்லை.

ஊசி நின்றதும் உடம்பு தன் வேலையைக் காட்டியது. நாக்கு வறண்டது. எவ்வளவு குடித்தாலும் தாகம். குடித்ததெல்லாம் உடனே வெளியே போக வேண்டும். அத்தனை குடும்பத்துக்கு அங்கே இருந்த கழிப்பறைகள் சொற்பம், வாசலில் எப்போதும் வரிசை. நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பதைப் பார்த்து, "இன்னா சார், உள்ளயே குடியிருக்கறீங்களா?" என்று ஒருவன் கேட்டான். வரிசையே சிரித்தது. வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்தேன். வயிற்றுப்போக்கு என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை, சர்க்கரை என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. என் புத்தி அப்படிப்பட்டது.

காலில் குத்திய இடம் வீங்கி வாடை அடிக்க ஆரம்பித்தது. மகள் கட்டியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நர்ஸ் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன் என்றாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கிளியனூரிலிருந்து டிராக்டரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவதாகச் சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. அவள் கையை என் தலையில் வைத்து, "அப்பாவுக்குச் சர்க்கரைன்னு என் வாயால யாருக்கும் சொல்ல மாட்டேன், அம்மா மேல சத்தியம்" என்று ஒவ்வொரு வார்த்தையாக நானே சொல்லிக் கொடுத்துச் சொல்ல வைத்தேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

மறுநாள் மதியம் டிராக்டர் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்டாவிலிருந்து சாம்பார் சோற்றைத் தானே அள்ளி எல்லோருக்கும் போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில்தான் நர்ஸம்மாவும் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். அவர் மைக்கை வாங்கி, "சர்க்கரை இருக்கறவங்கல்லாம் இந்தப் பக்கம் ஜல்தியா வாங்க" என்றார். பாதிப் பேர் டம்ளரும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கூட்டத்தின் முன்னால் நின்ற ஒரு பெண், "இருக்கறவங்களுக்கே குடுத்தா எப்படிங்க, இல்லாதவங்களுக்கு இல்லியா?" என்று நியாயம் கேட்டாள். நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டு, சர்க்கரை வியாதிக்காரர்கள் என்று திருத்திச் சொன்னார். எல்லோரும் சிரித்தபடி கலைந்தார்கள். நானும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று நன்றாகச் சத்தம் போட்டே சிரித்தேன்.

கலையாமல் நின்றவர்களில் என் மகளும் இருந்தாள்.

சம்பந்தியம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நர்ஸம்மா, யாருக்கும்மா என்று கேட்டார். "எனக்குத்தாங்க. இன்சுலின் போட்டுக்கினு இருந்தேன். மருந்து வெள்ளத்துல போயிடுச்சு" என்றாள் மகள். நான் சொல்லிக் கொடுத்த சத்தியத்தில் ஒரு எழுத்தைக்கூட அவள் மீறவில்லை. கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும், மருந்து வாங்கிவிட வேண்டும் என்று முடிவு பண்ணித்தான் போயிருக்கிறாள். அந்த இடத்திலேயே நான் ஓடிப்போய், இல்லை, எனக்குத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். கால் வலியால் ஓட முடியவில்லை என்று எழுதலாம். அது பொய். அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நர்ஸம்மா அவள் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்துப் பார்த்தார். "உனக்கு நார்மலா இருக்குதேம்மா" என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். யாருக்காக வந்தாய் என்று திரும்பக் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க என் பெண் பொய்க்காரியாக நின்றாள். அதற்குப் பிறகுதான் என் கால் நகர்ந்தது. நொண்டிக்கொண்டு போய் விரலை நீட்டினேன். மெஷினில் எண்ணே வரவில்லை, அளவைத் தாண்டிவிட்டால் காட்டும் ஆங்கில எழுத்து இரண்டு மட்டும் வந்தது. நர்ஸம்மா என் காலைப் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "சர்க்கரைய மறச்சீங்க, அது கெடக்கட்டும். பொண்ண அங்க நிக்க வெச்சீங்களே." முந்தானையால் என் மகளின் விரலைத் துடைத்துவிட்டார்.

ரோட்டில் தண்ணீர் வடிந்த வழியாகச் சுற்றிச் சுற்றி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வார்டு முழுக்க என்னைப் போன்றவர்கள். தண்ணீரில் மாத்திரை போனவர்கள், டயாலிஸிஸ் தவறியவர்கள், காலில் புண்ணோடு வந்தவர்கள். டிவியில் எந்த நாட்டு வெள்ளத்தைக் காட்டினாலும் தண்ணீர் அடித்துக்கொண்டு போனவர்களைத்தான் எண்ணிச் சொல்கிறார்கள். தண்ணீர் வடிந்த பிறகு இப்படிக் கட்டிலில் கிடந்து போகிறவர்களை எந்தக் கணக்கில் வைப்பார்களோ தெரியாது. அந்த வார்டில் பலருக்கு மருந்து கிடைக்கவில்லை. எனக்கு மட்டும், கேட்க வாய் இருந்தும் கேட்காமல் வந்த கேடு. காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அப்பாவுக்கு எத்தனை வருஷமாகச் சர்க்கரை என்று டாக்டர் மகளிடம் கேட்டார். அவள் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

கல்யாணத்தைத் தள்ளி வைத்து நடத்தினார்கள். கிளியனூர்க்காரர்களுக்கு என் மேல் என்ன அபிப்பிராயமோ, என் பெண்ணை விட மனமில்லை. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் மணமக்கள் உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறுகிறவன் பாயச வாளியோடு என் இலைக்கு வந்தபோது மகள் பார்த்துவிட்டாள். சட்டென்று வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த மண்டபத்தில் விஷயம் தெரியாதவர்களே கிடையாது. இருந்தும், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டு என் மகள் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சர்க்கரை இருக்குதுப்பா, வெக்காத" என்றேன். மேளச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. பந்தி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.