எங்கள் வீட்டில் கழுதை என்றால்

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்கிப் பிழைத்தவன் நான். இன்று செஞ்சியில் சொந்தமாக எண்ணெய் மில் வைத்திருக்கிறேன். படிப்பு மூன்றாவதோடு சரி. ஆனாலும் பேச்சில் என்னை மடக்கியவன் இந்த வட்டாரத்தில் இல்லை. ஒரே ஒரு நாள் அந்தப் பேச்சே என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையன் கோயம்புத்தூர்க்காரன், சென்னையில் அவளோடு வேலை பார்க்கிறவன். இருவருக்கும் விருப்பம். அவன் அம்மா சரி என்றால்தான் கல்யாணம் என்று மகள் முன்பே சொல்லிவிட்டாள். நானும் வேட்டி சட்டையோடு சேர்த்து வாயையும் துவைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். காபி வரத் தாமதமானதும், பழக்கதோஷம், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டேன்.

"ஏ கழுத, காபி இன்னா ஆச்சு?"

பையனின் அம்மா முகம் சுருங்கிவிட்டது.

"படிச்ச புள்ளையப் போயி கழுதைங்கறீங்க. எங்கூட்ல இதெல்லாம் பழக்கமில்லீங்க" என்று கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் விடவில்லை.

"திட்டுனதா நெனச்சிக்காதீங்கம்மா. லேட்டா எழுந்தா எரும. சொன்னத கேக்கலன்னா மாடு. கோட்டையாண்ட கொரங்குங்க ஜாஸ்தி, அதனால சேட்ட பண்ற புள்ளைங்க எல்லாம் கொரங்கு. நாய்னு மட்டும் எங்க ஊட்ல கோவத்துல கூட வாய்ல வராது, அது சண்டைக்கு நிக்கற வார்த்த. கழுத அப்டி இல்ல, ரொம்ப செல்லத்துக்குத்தான். இவ அண்ணனுக்கு இன்னிக்கி வரைக்கும் அந்தப் பேரு கெடைக்கல. நீங்க பையன இன்னான்னு கூப்டுவீங்க?"

"கண்ணுன்னுதானுங்க."

"கோவம் வந்தா?"

"அப்பவும் கண்ணுதானுங்க."

பையன் வாய் திறந்தான். "நெசமாவே கோவம் வந்தா 'வாங்க சாமி'ம்பாங்க. அதுக்குத்தாங்க எனக்குப் பயம்."

அவர் மகனை முறைத்தார். உதடு மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மகள் தட்டோடு வந்தாள்.

"எனக்கும் அப்டித்தான் அத்தை. நைனா பேர் சொல்லிக் கூப்டாதான் பயம். ஸ்கூட்டிய செவுத்துல மோதுன அன்னிக்கி முழுப் பேரையும் சொல்லிக் கூப்ட்டாரு."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் காபியை எடுத்தார். பிறகு ஸ்கூட்டி கதையை முழுதாகக் கேட்டார்.

சாயங்காலம் காரில் ஏறி உட்கார்ந்தவர், கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, எங்கூருக்கு வந்தா வாசல்ல நின்னு அப்படிக் கூப்பிட்றாதீங்க. பக்கத்து வீட்ல தப்பா நெனச்சுக்குவாங்க."

சம்பந்தி என்று அவர் வாயால் வந்துவிட்டது. கார் தெருவைத் தாண்டுவதற்குள் மண்டபத்துக்குப் போன் போட்டுவிட்டேன். இருப்பதிலேயே பெரிய மண்டபம்.